சிஸ்டரிடம் கேளுங்கள்: வைக்கோல் மட்டும் போட்ட தீவனத் தொட்டி

நவம்பர் பாதி தாண்டிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, கிறிஸ்மஸுக்காகக் காத்திருந்து ஆயத்தமாகும் வாரங்களான திருவருகைக்காலத்தைப் பற்றியே இருக்கும். இந்த இதழுக்கு ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். ஐந்தாவதற்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. சுருக்கிப் பார்த்தேன், மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

2023-ல் திருவருகைக்காலம் டிசம்பர் 3-ல் தொடங்கியது. இந்த 2025-ல் நவம்பர் 30-லேயே தொடங்குகிறது. ஏன் இந்த மாற்றம்? இந்த நாட்களில் இறைச்சி சாப்பிடலாமா?
— கல்லூரி மாணவர், திருச்சி

தம்பி, கணக்கு எளிதுதான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னால் நான்கு ஞாயிறுகள் வரவேண்டும். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் ஞாயிறு. அதனால் இந்தக் காலம் சில ஆண்டுகளில் 22 நாட்களாகவும், சில ஆண்டுகளில் 28 நாட்கள் வரையிலும் அமையும். இந்த ஆண்டு 25 நாட்கள். நீங்கள் சொல்லும் 2023-ல் டிசம்பர் 24-ஆம் தேதியே நான்காம் ஞாயிறு. காலையில் பீடத்தில் திருவருகைக்கால ஊதாத் துணி, மாலையில் கிறிஸ்மஸுக்கான வெள்ளைத் துணி. எங்கள் பங்கில் பீடத்தை ஒழுங்குசெய்யும் கோயில்பிள்ளை அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

இறைச்சி சாப்பிடலாம். இலத்தீன் முறைத் திருச்சபைச் சட்டப்படி தவநாட்கள் என்பவை வெள்ளிக்கிழமைகளும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும்தான். கவனித்துப் பாருங்கள், ஊதா உடை இரண்டு காலத்துக்கும் பொது. திருவருகைக்கால ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை, ஆனால் அல்லேலூயாவை நிறுத்துவதில்லை. தவக்காலத்தில் அதையும் நிறுத்திவிடுவோம். இது மகிழ்ச்சியோடு காத்திருக்கும் காலம் என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி. அதே சமயம், கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் சீரோ மலபார், மலங்கரை சபைகளில் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு உண்டு. எங்கள் குமரி மாவட்டத்தில் அந்தக் குடும்பங்கள் பக்கத்து வீட்டிலேயே இருப்பதால், சின்ன வயதிலேயே அவர்களைப் பார்த்து நாங்களும் மீன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறோம். நீங்களும் எதையாவது விட நினைத்தால் தாராளமாக விடுங்கள். மிச்சமாகும் பணத்தை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்று திருமுழுக்கு யோவான் சொன்னார். அந்த டப்பா கிறிஸ்மஸுக்கு முன்பே ஒருவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.

டிசம்பர் பிறந்தால் வெள்ளையடிப்பு, துணி எடுப்பது, பலகாரம், கேரல் பாட வருகிறவர்களுக்கு டீ என்று நிற்க நேரமில்லை. 24-ஆம் தேதி இரவுத் திருப்பலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். ஆன்ம ஆயத்தம் என்று சாமியார் பிரசங்கம் வைக்கும்போது குற்ற உணர்வாக இருக்கிறது.
— குடும்பத் தலைவி, தூத்துக்குடி

அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு எங்கள் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது. தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மை (எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) டிசம்பர் மூன்றாம் வாரம் அச்சுமுறுக்கு சுடுவாள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, கொஞ்சம் எள். அச்சை முதலில் எண்ணெயில் வைத்துச் சூடாக்க வேண்டும், இல்லையென்றால் மாவு பிடிக்காது. அப்புறம் முக்கால்வாசி மட்டும் மாவில் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழன்று வராது. முக்கிய அச்சை எண்ணெயில் பிடித்துக்கொண்டு அம்மை ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ சொல்வாள். ‘ஆமென்’ வரும்போது மாவு வெந்து, லேசாக உதறினால் முறுக்கு தானாக விழும். அவளுக்குக் கடிகாரமும் அதுதான், செபமும் அதுதான். ஒரு செபமாலையில் அந்தச் செபம் 53 முறை வரும்; அதனால் 53 முறுக்கு என்றால் ஒரு செபமாலை. “ரெண்டு செபமாலை சுட்டாச்சு, போதும்” என்று அடுப்பை அணைப்பாள்.

அதோடு அவள் இன்னொன்றும் செய்வாள். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு ஆள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாமன், வரப்புத் தகராறில் எங்களோடு பேசாமலிருந்த பக்கத்து வயல்காரர், ரேஷன் கடையில் எடை போடுகிற பையன். பேசாமலிருந்தவருக்கு என்று சொன்ன முறுக்கு அந்த ஆண்டு அவர் வீட்டுக்கே போனது. தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. அவர் தட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. தட்டு திரும்பி வரும்போது அதில் நாலு மட்டிப்பழம் இருந்தது.

ஆகவே அடுக்களை வேலை செபத்துக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பண்டிகை முழுவதையும் வீட்டுப் பெண்களின் தோளில் ஏற்றிவிட்டு, அவர்களுக்கு ஆயத்தம் போதவில்லை என்று கோயிலில் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. இந்த முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். டீ போடுவது ஆண்பிள்ளைகளால் முடியாத வேலை இல்லை. பலகாரத்தில் இரண்டு வகையைக் குறையுங்கள். 24-ஆம் தேதி மதியம் 3 மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்துத் தூங்குங்கள். அந்தத் தூக்கத்தையும் ஆயத்தம் என்றே எழுதிக்கொள்கிறேன்.

நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவன். உங்கள் இதழை வாங்கி வாசிப்பேன். நீங்கள் ‘எதிர்நோக்கு’ என்று ஒரு வார்த்தையைப் போடுகிறீர்கள். எங்கள் வேதாகமத்தில் அது ‘நம்பிக்கை’. எது சரி? பிறகு, அட்வெந்து வளையம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

ஐயா, நானும் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

கொரிந்தியர் முதல் திருமுகம் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வரும். எங்கள் திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல், உங்களிடம் இரண்டாவது இடத்திலும் எங்களிடம் முதல் இடத்திலும் நிற்கிறது. இது தெரியாமல் இரு சபையாரும் ஒன்றாகச் செபிக்கும்போது, ஒரே சொல்லைச் சொல்லி ஆளுக்கொரு பொருளை நினைத்துக்கொள்கிறோம். இரண்டில் எதுவும் தவறில்லை. ஆனால் திருவருகைக்காலத்துக்கு எனக்கு ‘எதிர்நோக்கு’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. அதில் ‘நோக்கு’ இருக்கிறது, கண் இருக்கிறது. வருகிறவர் எந்தத் திசையில் வருவார் என்று வாசலில் நின்று பார்ப்பது அது. மழை வருமா என்று ஐப்பசியில் வானத்தைப் பார்க்கிற விவசாயியிடம் அது இருக்கிறது. இந்த ஆண்டு மூன்றாம் ஞாயிறன்று யாக்கோபு திருமுகத்திலிருந்து வாசிக்கப்போவதும் அதைத்தான்: பயிரிடுகிறவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிறார். காத்திருக்கிறார் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தமில்லை. வரப்பு வெட்டியிருக்கிறார், விதை நேர்த்தி செய்திருக்கிறார், மடையைப் பார்த்து வைத்திருக்கிறார். மழையை மட்டும் அவரால் பெய்யவைக்க முடியாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 கிறிஸ்மஸ் முந்தின நாள் இரவு தொடங்கிவைத்த யூபிலி என்கிற புனித ஆண்டின் கருப்பொருளும் எதிர்நோக்குதான். உரோமையர் 5-ஆம் அதிகாரத்தில் வரும் ‘எதிர்நோக்கு ஏமாற்றம் தராது’ என்ற சொல்லைத்தான் அவர் அந்த ஆண்டை அறிவித்த மடலுக்குத் தலைப்பாக எடுத்தார். அவர் ஏப்ரலில் இறந்துபோனார். யூபிலியைத் தொடங்க அவர் திறந்த புனிதக் கதவை 2026 ஜனவரி 6 அன்று மூடுகிறவர் திருத்தந்தை பதினான்காம் லியோ.

திருவருகைக்காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாகத் திரி ஏற்றும் அட்வெந்து வளையத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது உங்கள் பக்கத்திலிருந்து எங்களுக்கு வந்தது ஐயா! ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன், 1839-ல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டார். கிறிஸ்மஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததுதான் காரணம். வாரநாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகள், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள். தினமும் ஒன்றைக் கூடுதலாக ஏற்றினார்கள். பிள்ளைகள் எண்ணவும் கற்றுக்கொண்டார்கள். பின்னால்தான் எங்கள் கோயில்களுக்கு மூன்று ஊதா, ஒரு இளஞ்சிவப்பு என்ற வடிவம் வந்தது. இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கு உரியது. இந்த ஆண்டு அது டிசம்பர் 14. அடுத்த தடவை வளையத்தைப் பார்க்கும்போது அது ஒரு சக்கரம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஸ்டாரும் கேக்கும்தான் கிறிஸ்மஸ் என்றாகிவிட்டது. 4 வயதும் 7 வயதும். இவர்களுக்குத் திருவருகைக்காலத்தை எப்படிப் புரியவைப்பது?
— இளம் தாய், கோயம்புத்தூர்

குடிலை மொத்தமாக 23-ஆம் தேதி கடையிலிருந்து வாங்கி வைக்காதீர்கள். முதல் ஞாயிறன்றே வெறும் தீவனத் தொட்டியை மட்டும் வையுங்கள். அட்டைப்பெட்டி போதும். பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடட்டும். பாலன் இயேசு வந்து படுக்கும்போது முதுகில் குத்தக் கூடாது அல்லவா? புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் கிரேச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது அவர் கேட்டதும் தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இதைச் செய்தோம். ஒரு நாள் இடைவேளையில் ஒரு பையன் தொட்டியிலிருந்து ஒரு வைக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். “நேத்து தங்கச்சிக்கு மிட்டாய் குடுத்தேன்னு போட்டேன் சிஸ்டர். இன்னிக்குக் காலைல அவள அடிச்சுட்டேன்” என்றான். நாங்கள் பாடம் நடத்தி அவன் அதைச் சொல்லவில்லை. நான் அவனிடம், அதை எடுக்காதே, வீட்டுக்குப் போய் அவளிடம் பேசிவிட்டு நாளைக்கு இன்னொன்று போடு என்றேன். மறுநாள் இரண்டு போட்டான்.

உங்கள் நாலு வயதுப் பிள்ளை கட்டை மொத்தமாகத் தூக்கிப் போடும். பரவாயில்லை, விடுங்கள்.

எனக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள். குழந்தை இல்லை. ஒவ்வொரு டிசம்பர் 19-ஆம் தேதியும் திருப்பலியில், பிள்ளையில்லாதிருந்து பிறகு தாயான சிம்சோனின் தாயைப் பற்றியும் எலிசபெத்தைப் பற்றியும் வாசிப்பார்கள். வெளியே வந்ததும் பெரியவர்கள் என் கையைப் பிடித்து “அடுத்த வருஷம் உனக்கும்தான்” என்பார்கள். இந்த ஆண்டு அன்றைக்குக் கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நினைக்கிறேன். எதிர்நோக்கை இழப்பது பாவமா சிஸ்டர்?
— வாசகி, ஊர் வேண்டாம்

மகளே, முதலில் நேரடியான பதில்: 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, வாரநாள் திருப்பலி. போகாவிட்டால் பாவமில்லை. வீட்டில் இருங்கள்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் நடந்தேன். உங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. சிகிச்சையா, தத்தெடுப்பா, இருவராகவே வாழ்வதா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்வீர்கள். அதைப் பற்றி நீங்கள் கேட்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. தங்கல் தொழிலுக்காக நாட்கணக்கில் ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தியே போகவில்லை. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வீடு வீடாக ஆண்கள் திரும்பி வரவில்லை. எங்கள் சபை நான்கு சிஸ்டர்களை அங்கே ஆற்றுப்படுத்தும் பணிக்கு அனுப்பியது. நானும் போனேன். முதல் திருவருகை ஞாயிறு டிசம்பர் 3. கோட்டாற்றில் சவேரியார் திருவிழாவின் பத்தாம் நாளும் அதுவே. அன்றைக்கு முதல் வாசகம், விண்ணைப் பிளந்து இறங்கி வரமாட்டீரோ என்று எசாயா கடவுளிடம் கதறுகிற பகுதி. வாசகம் வாசித்த பெண்ணின் தம்பி கடலில் இருந்தான். அவள் நடுவில் நிறுத்தினாள். கோயிலில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவளே மீதியை வாசித்து முடித்தாள்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு அந்த ஊரில் ஸ்டார் போடவில்லை. கோயிலில் குடில் கட்டுகிற இளைஞர்களில் சிலரே போய்விட்டிருந்தார்கள். ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் மட்டும் பீடத்துக்கு முன்னால் இருந்தன. பாலன் சொரூபத்தை வைப்பதா வேண்டாமா என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தது. வயதான ஒரு மீனவர், “வைக்கணும். அவரும் ராத்திரி எடமில்லாம வந்த ஆளுதானே” என்றார். வைத்தோம்.

நான் அடிக்கடி போன வீடு ஒன்று. முப்பது வயது இருக்கும் அவளுக்கு. கணவன் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவள் 28 நாளுக்கு ஒருமுறை கடைக்குப் போய் அவனுடைய நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். போன் அவனோடு கடலுக்குள் போய்விட்டது. நம்பர் மட்டும் உயிரோடு இருக்கவேண்டும் என்று பணம் கட்டினாள். ஆற்றுப்படுத்தப் பயிற்சி எடுத்தவள் நான். இழப்பை ஏற்கவைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த ரசீதைப் பார்த்தபின் எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு மீன் சுத்தம் செய்தேன்.

அடுத்த ஆண்டு திருவருகைக்காலத்தில் அவளைப் பார்க்கப் போனேன். இன்னும் ரீசார்ஜ் செய்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். “அவரு வருவாருன்னு இல்ல சிஸ்டர். நான் வழிய அடைக்கக் கூடாதுல்லா” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்குக் கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அந்த ஆண்டு அவள் வீட்டு முன்னால் ஒரு சின்னப் பேப்பர் ஸ்டார் தொங்கியது. பிள்ளைகள் கேட்டார்களாம்.

நீங்கள் எதிர்நோக்கை இழந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இழந்தவர் இப்படிக் கடிதம் எழுதமாட்டார் என்பது என் எண்ணம். “அடுத்த வருஷம்” என்கிற வாக்குறுதியைத்தான் நீங்கள் இழந்திருக்கிறீர்கள். அது கடவுள் தந்த வாக்குறுதி இல்லை, ஊரார் தந்தது. திருவருகையின் மூன்றாம் ஞாயிறு நற்செய்தியைக் கவனியுங்கள். வழியை ஆயத்தமாக்குங்கள் என்று முழங்கிய அதே யோவான் சிறையில் கிடக்கிறார். வரவிருப்பவர் நீர்தானா, இல்லை வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பெண்களிடம் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்று அந்த இடத்தில்தான் சொல்கிறார். யோவான் சிறையிலிருந்து வெளியே வரவே இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். சிறையிலிருந்து கேட்ட அந்தக் கேள்வியைத் திருச்சபை மகிழ்ச்சி ஞாயிறன்று வாசிக்க வைத்திருக்கிறது. உங்கள் கேள்விக்கும் அன்றைக்கு இடம் இருக்கிறது. டிசம்பர் 14 அன்று வாருங்கள், பின் வரிசையில் உட்காருங்கள், முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போங்கள்.

இதை வாசிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையைப் பிடியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் திருவருகைக்காலத்தில் செய்ய ஆசை. செபங்களெல்லாம் மறந்துபோயின. பங்குத்தந்தை என்னைத் தெரிந்தவர் என்பதால் கூச்சமாகவும் இருக்கிறது.
— வாசகர், மதுரை

பங்குத்தந்தையிடம்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்களில் பல பங்குகளில் வெளியிலிருந்து நாலைந்து குருக்களை வரவழைத்துப் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒப்புரவு வழிபாடு வைப்பார்கள். பக்கத்துப் பங்கிலும் விசாரியுங்கள். 20-ஆம் தேதிக்கு மேல் கூட்டம் அதிகம், குருக்களும் களைத்திருப்பார்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை போய்விடுங்கள்.

செபம் மறந்துவிட்டது என்று குருவிடமே சொல்லுங்கள், அவர் சொல்லித் தருவார். எழுதிய தாளைக் கொண்டுபோய் வாசிக்கலாம், தடையில்லை. ‘14 வருஷம் ஆச்சு, சாமி’ என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். மீதி அதன் பின்னால் வரும். போகிற நாள் எது என்று ஒரு வரி எழுதிப் போட்டால், அன்று மாலை எங்கள் மடத்துச் சிற்றாலயத்தில் உங்களுக்காக ஒரு திரி ஏற்றி வைக்கிறேன்.